ஒன்பது நாள் இட்லி கிடையாது

மிளகாய் விதை போட்டால் எங்கள் வீட்டில் ஒன்பது நாளைக்கு இட்லி கிடையாது. மாவு பொங்குவதற்கும் விதை முளைப்பதற்கும் வேண்டிய சூடு ஏறக்குறைய ஒன்றுதான்: 27, 28 டிகிரி. டெல்லி டிசம்பரில் அந்தச் சூடு எங்கள் வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, சமையல் மேடைக்குக் கீழே ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள். பெட்டிக்குள் அந்தக் காலத்து ஜீரோ வாட் பல்பு ஒன்று எரிகிறது. பெயர்தான் ஜீரோ, இழுப்பது 12 முதல் 15 வாட். அதில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வரும். உள்ளே மாவுத்தூக்கை வைக்கலாம், இல்லை நாற்றுக்கான குழித்தட்டை வைக்கலாம். இரண்டும் சேர்ந்து கொள்ளாது.

இன்னொரு பெட்டி செய்துகொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பல்பு வேண்டுமே! கடையில் போய்க் கேட்டால் எல்இடியை நீட்டுகிறார்கள். அது வெளிச்சத்துக்கு ஆகும், மாவுக்கு ஆகாது. இருக்கிற ஒன்று ஃப்யூஸ் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொரு வருஷமும் சுவிட்சைப் போடுகிறேன்.

என் வீட்டுக்காரர் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். ஐந்தாம் நாள் சேமியா உப்புமாவைப் பார்த்துவிட்டு, "இன்னும் மூக்கு நீட்டலையா?" என்று விதையை மட்டும் விசாரிப்பார்.

மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், தலைக்கு மேலே மொட்டை மாடி. எனக்கு ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சொந்த ஊர் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கம். காய்கறி மூட்டை மூட்டையாக லாரி ஏறுவதைப் பார்த்து வளர்ந்துவிட்டு, இங்கே தள்ளுவண்டிக்காரரிடம் அரைக் கிலோ தக்காளிக்குப் பேரம் பேசி நிற்பது ஒரு மாதிரியாக இருந்தது. அதனால் தொடங்கியதுதான் இந்த மாடித் தோட்டம். பெரிய இயற்கைப் பற்று எல்லாம் எனக்குக் கிடையாது.

அம்மாவுக்கு இன்றுவரை நான் செய்வது சரியென்று படவில்லை. "மார்கழியில போயி யாராச்சும் நாத்து விடுவாங்களா கண்ணு? தை பொறக்கட்டும், மெதுவாப் போடு" என்பாள் போனில். ஊரில் அது சரி. ஆடிப்பட்டம், கார்த்திகைப்பட்டம், தைப்பட்டம் எல்லாம் மழையையும் கிணற்றுத் தண்ணீரையும் பார்த்து வைத்த கணக்கு. இங்கே கணக்கே வேறு. குளிர் போய் வெயில் வருவதற்குள் கிடைக்கும் சந்தில் புகுந்துவிட வேண்டும். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை, இரண்டே மாதம். அதற்கு மேல் 40 டிகிரியை நோக்கிப் போய்விடும். பகல் வெயில் 35-ஐத் தாண்டினால் தக்காளி பூக்கும், ஆனால் காய் பிடிப்பது அபூர்வம். மகரந்தம் வீணாகி, பூ காம்போடு உதிர்ந்துவிடும்.

முதல் வருஷம் அம்மா பேச்சைக் கேட்டுப் பிப்ரவரியில்தான் விதைத்தேன். செடி இடுப்பு உயரம் வந்தது. ஏப்ரல் கடைசியில் பூத்தது பாருங்கள், அப்படி ஒரு பூ. தினம் காலையில் விளக்குமாற்றால் கூட்டி அள்ளினேன். காய் மொத்தம் நான்கு.

ஆக, பிப்ரவரி பாதியில் தொட்டியில் நடுவதற்கு நாற்று கையில் தயாராக இருக்க வேண்டும். ஊரில் 25 நாளில் தயாராகிற தக்காளி நாற்று இங்கே குளிரில் 50, 55 நாள் எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 20-க்குள் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். மிளகாயும் கத்தரியும் இன்னும் சோம்பேறிகள், அவற்றுக்கு டிசம்பர் முதல் வாரம். அந்த நேரத்தில் மாடியில் சும்மா விதைத்தால் என்ன ஆகும்? தக்காளி விதை 25 டிகிரியில் ஆறு நாளில் முளைக்கும். 15-ல் இரண்டு வாரம். 10-ல் ஒன்றரை மாதம். மிளகாய் 10 டிகிரியில் முளைப்பதே இல்லை, ஈரத்தில் கிடந்து அழுகிப் போகும். அதற்காகத்தான் பெட்டி, அதற்காகத்தான் சேமியா உப்புமா.

விதை எங்கே வாங்குகிறேன் என்று அடிக்கடி கேட்கிறார்கள். கொடி வகை எல்லாம் அம்மா அனுப்புவது. மிளகாய் மட்டும் பூசா வளாகத்தில் வாங்கிய பூசா ஜ்வாலா. பூசா என்பது டெல்லிப் பெயரே இல்லை, பீகாரில் ஒரு ஊர். வேளாண் ஆராய்ச்சி நிலையம் முதலில் அங்கேதான் இருந்தது. 1934 ஜனவரி 15-ஆம் தேதி வந்த பூகம்பத்தில் கட்டடம் பாழானதால் 1936-ல் டெல்லிக்கு வந்தது, ஊர்ப்பெயரையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. நம்மவர்கள் பெயருக்கு முன்னால் ஊரை வைத்துக்கொள்வது மாதிரி. குழித்தட்டில் நிரப்பும் தென்னை நார்க்கழிவும் அப்படித்தான். மயூர் விஹார் நர்சரியில் வாங்கிய 5 கிலோ கட்டியைப் பிரித்தால் உறையில் பொள்ளாச்சி என்று அச்சடித்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்! வெந்நீர் ஊற்றி அதை ஊறவைக்கும்போது வரும் வாசனைக்காகவே நான் கொஞ்சம் அதிகமாக ஊறவைப்பேன்.

முளைக்கிற வரை இந்த விதைகளுக்கு வெளிச்சம் வேண்டாம், சூடு போதும். மூக்கு நீட்டிய அன்றைக்கே கதை தலைகீழாகிவிடும்: வெளிச்சம் வேண்டும், சூடு கொஞ்சம் குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளும். இது எனக்குத் தொடக்கத்தில் தெரியாது. பிஞ்சு முளையை எப்படி இந்தக் குளிரில் வெளியே விடுவது என்று இரண்டு நாள் கூடுதலாகப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். திறந்து பார்த்தால் நூல் நூலாக நீண்டு, வெளுத்து, சேமியாவை உதறிப் போட்ட மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இப்போதெல்லாம் நாலு முளை தெரிந்ததும் தட்டு மாடிக்குப் போய்விடும். இட்லியும் திரும்பி வந்துவிடும்.

மாடியில் இருப்பதைப் பசுமைக்குடில் என்று சொன்னால் பெரிதாகத் தெரிகிறது. நாங்கள் கூடாரம் என்போம். முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன், நாலு தட்டு வைத்த அலமாரிக்கு மழைக்கோட்டு போட்ட மாதிரி இருந்தது. ஜனவரி மழையோடு வந்த ஒரு காற்றில் குப்புற விழுந்தது. அதன் கதை அவ்வளவுதான். இப்போது இருப்பது நாங்களே கட்டியது. அரை அங்குல பிவிசி பைப்பை வளைத்து, 200 மைக்ரான் பாலித்தீன் போர்த்தி, முன்னால் ஒரு ஜிப். 6 அடி நீளம், 3 அடி அகலம். வடக்கே கைப்பிடிச் சுவர் குளிர்காற்றை மறைக்கும், தெற்கே திறந்த வெளி.

கட்டின பிறகுதான் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. டிசம்பர் கடைசியில் டெல்லியில் உச்சிச் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். ஊரில் மாதிரி உயர வராது, தெற்கே சாய்ந்தபடியே போய்விடும். 6 அடி உயரத் தொட்டியின் நிழல் நட்ட நடு மதியத்தில் ஏழரை அடிக்குமேல் விழும். ஏழரை என்று வந்த பிறகு விளங்குமா? கூடாரத்தைப் பிரித்துப் பத்தடி தள்ளிக் கட்டினோம்.

கணக்குப் பிரிவு ஆள் என்பதால் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் உண்டு. ராத்திரியில் மிகக் குறைந்தது, பகலில் மிக அதிகம், இரண்டையும் பிடித்து வைத்துக் காட்டும் வகைத் தெர்மாமீட்டர். முதல் வாரமே நோட்டு என் மூக்கை உடைத்தது. வெளியே 6 என்றால் உள்ளே 8. இன்னொரு நாள் வெளியே 4, உள்ளேயும் 4. கூடாரம் கட்டிவிட்டால் உள்ளே கதகதவென்று இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது எப்படி இருக்கும்? அங்கே அடுப்பா எரிகிறது? பகலில் வந்த வெயிலைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. பனிமூட்டம் வெயிலை மறைத்துவிட்டால் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. 2019 டிசம்பர் 30-ஆம் தேதி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகல் வெப்பமே 9.4 டிகிரிதான். அன்றைக்குக் கூடாரமும் குளிர்சாதனப் பெட்டியும் ஒன்றுதான். மேகமே இல்லாத ராத்திரி இன்னும் மோசம். பாலித்தீன் காற்றைத்தான் தடுக்கும், மண்ணும் சட்டியும் வானத்தைப் பார்த்து விடுகிற வெப்பத்தை அவ்வளவாகத் தடுக்காது. கண்ணாடியாக இருந்தால் இந்த விஷயத்தில் தேவலை, ஆனால் மூன்று மாடி யார் தூக்குவது?

சரி, சூட்டைச் சேமிக்க ஏதாவது வைப்போம் என்று 5 லிட்டர் கேன் 12 சேர்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, தண்ணீர் நிரப்பிச் சுவரோரம் அடுக்கினேன். பகலில் வெயில் குடித்து, ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். 60 லிட்டர் தண்ணீர் 10 டிகிரி ஆறினால் வெளிவரும் வெப்பம் ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதாவது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டுக் காலை ஆறு மணிக்கு அணைத்த மாதிரி. இந்தக் கணக்கை ஆபீஸ் டைரியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மேலே ராத்திரிக்கு ஒரு பழைய ரஜாய், பஞ்சு அடைத்த கனத்த போர்வை. இரண்டும் சேர்ந்து வெளியே இருப்பதைவிட ஐந்து டிகிரி கூட்டிக் கொடுத்தன.

2021 புத்தாண்டு அன்று விடியற்காலையில் சஃப்தர்ஜங்கில் 1.1 டிகிரி. ராத்திரி பதினோரு மணிக்கு கெய்சர் வெந்நீரை இரண்டு கேனில் மாற்றி ஊற்றிவிட்டு, ரஜாய்மேல் இன்னொரு போர்வையும் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தால்தானே! ஆறு மணிக்குக் குரங்குக்குல்லாவோடு போய்ப் பார்த்தால், 98 குழித் தட்டில் ஒரு நாற்றுகூடத் தலை சாயவில்லை. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

அதே நாற்றுகள் அந்த மாதக் கடைசியில் ஒரே பகலில் செத்துப் போயின. வெந்து போய்.

பத்து நாளாகப் பனிமூட்டம். ஒரு காலையில் கிளம்பும்போதும் மூட்டம்தான், ரஜாயை எடுத்துவிட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் போனேன். பதினோரு மணிக்கு மேல் ஆபீஸ் ஜன்னலில் பளீரென்று வெயில். எல்லோரும் டீயைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றோம். நானும் நின்றேன், வெயில் காய்ந்துகொண்டு, ஆகா ஆகா என்று. கூடாரம் ஞாபகமே வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜிப்பைத் திறந்தால் முகத்தில் ஆவி அடித்தது, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. தட்டு முழுக்கக் கீரையைக் கொதிநீரில் போட்டு எடுத்த மாதிரி படுத்துக் கிடந்தது. தண்டைத் தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. தெர்மாமீட்டரில் வெளியே உச்சம் 21, உள்ளே உச்சம் 47. குளிர் என்ற ஒன்றையே பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன், வெயில் பின்பக்கமாக வந்து அடித்துவிட்டது.

இதில் வெட்கம் என்னவென்றால், தினம் பார்த்த விஷயம்தான். எங்கள் மெட்ரோ யமுனையைத் தாண்டும்போது கீழே படுகையில் விவசாயம் தெரியும். குளிர்காலத்தில் வாடைக் காற்று வரும் பக்கத்தில் காய்ந்த நாணல் தட்டி நட்டு வைத்திருப்பார்கள், சில இடத்தில் வரிசை வரிசையாகத் தாழ்வான பாலித்தீன் குகைகள். வெயில் நாளில் அந்தப் பாலித்தீனை ஒரு பக்கம் சுருட்டி விட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஏன் சுருட்டுகிறார்கள் என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை.

திறந்து மூட ஆள் வேண்டும். நாங்கள் இருவரும் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குத்தான் திரும்புவோம். கீழ்வீட்டு மாதாஜி பஞ்சாபி அம்மா, எண்பதைத் தொடப் போகிறார். வெயில் வந்தால் நாற்காலியோடு மாடிக்கு வந்துவிடுவார். பட்டாணி உரிப்பார், வேர்க்கடலை கொறிப்பார், பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னுவார். தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன். எத்தனை மணிக்குத் திறக்க, எத்தனை மணிக்கு மூட என்று கேட்டார். பதினொன்று, மூன்றரை என்று சொன்னேன். கைக்கடிகாரம் கட்டுவதில்லை என்றார். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார்: எனக்குச் சால்வை கனமாகத் தெரிந்தால் உன் செடிக்கும் கதவைத் திறந்துவிடுகிறேன், நான் மறுபடி போர்த்தும்போது அதையும் மூடிவிடுகிறேன்.

நோட்டைப் பாருங்கள். அதற்குப் பிறகு உள்ளே உச்சம் 32-ஐத் தாண்டிய நாள் ஒன்றுகூட இல்லை. வெயில் வராத நாளில் அவரும் வர மாட்டார், ஜிப்பும் திறக்காது, திறக்கவும் வேண்டாம். இதற்கென்று வெப்பமானி வைத்துத் தானாகத் திறக்கும் கருவி விற்கிறார்கள், விலையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் அது நாற்றுக்கு நடுவே முளைத்த களையைப் பிடுங்கிப் போடாது, "இந்தத் தட்டில் தண்ணீர் அதிகம்" என்று திட்டாது.

தண்ணீர் பற்றி அவர் சொன்னது சரிதான். இந்தக் குளிரில் நாற்றைக் கொல்வதில் மூன்றாவது ஆள் தண்ணீர்தான். ஈரம் காயாமல் சில்லென்று கிடந்தால் நாற்றழுகல் வந்துவிடும். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாகச் சூம்பி, இரண்டு இலையும் பச்சையாக இருக்கும்போதே நாற்று பொத்தென்று படுத்துவிடும். ஒரு மூலையில் தொடங்கினால் இரண்டு நாளில் தட்டு காலி. தொட்டித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும் என்பதால் நான் பக்கெட்டில் பிடித்து வெயிலில் வைத்துவிடுவேன். லீவு நாளில் பதினோரு மணிவாக்கில் ஊற்றுவது, அதுவும் தட்டுக்கு அடியில் ஊற்றி உறிஞ்சவிடுவது. சாயங்காலத்தில் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. அம்மாவிடம் சொன்னால், "அடுப்புச் சாம்பலத் தூவி விடு, ஈரம் அடங்கும்" என்றாள். டெல்லி ஃப்ளாட்டில் அடுப்புச் சாம்பலுக்கு நான் எங்கே போவது? ஜனவரி 13 ராத்திரி கீழே பஞ்சாபிக்காரர்கள் லோஹ்ரி பண்டிகைக்கு நெருப்பு மூட்டினார்கள். மறுநாள் காலையில் பொங்கல் வைக்கப் போகும் முன் ஒரு முறத்தோடு போய் ஆறிய சாம்பலை அள்ளிக்கொண்டு வந்தேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இன்னொன்று, இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகிவிடும், தக்காளியில் ரொம்ப. உரம் பற்றவில்லை என்று பயந்து நான் ஒருமுறை டிஏபி உரத்தைக் கரைத்து ஊற்றி, நுனி கருகியதுதான் மிச்சம். உண்மையில் மண்ணில் சத்து இருக்கும். வேர் குளிர்ந்து போனால் அதை உறிஞ்ச முடியாது, அதிலும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை. நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் புது இலை பச்சையாகவே வரும். சும்மா இருப்பதுதான் மருந்து. எனக்குக் கஷ்டமான மருந்து.

இந்த வருஷத்து மிளகாய் இப்போது ஆறு இலையில் நிற்கிறது, தக்காளி அதைவிட உயரம். கத்தரிதான் அழுதுகொண்டே வளர்கிறது. பொங்கல் முடிந்துவிட்டதால் இனி கொடி வகை. போன வாரம் ஊரிலிருந்து ரயிலில் வந்த சொந்தக்காரர் ஒருவர் மூலம் அம்மா மூட்டை அனுப்பியிருந்தாள். பழைய வேட்டித் துணியில் மூன்று முடிச்சு: சுரை, பீர்க்கு, புடலை. நடுவில் காய்ந்த வேப்பிலை. கொடி வகைக்கு வேரில் கை பட்டால் கோபம் வரும், அதனால் தட்டில் போடுவதில்லை. பால் கவரைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, ஒன்றுக்கு ஒரு விதை. நடும்போது கவரைக் கிழித்து மண்கட்டியோடு இறக்கிவிடலாம். மாதாஜி இப்போதே இரண்டு சுரைக்குச் சொல்லி வைத்துவிட்டார், அவருடைய கம்பி ஜன்னலில் ஏற்றிவிட.

இன்று சாயங்காலம் பீர்க்கு, புடலை விதைகளின் கெட்டித் தோலை நகவெட்டியால் முனையில் லேசாகக் கிள்ளினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் தனித்தனியாகச் சுருட்டி, பெட்டிக்குள் வைத்துப் பல்பைப் போட்டாயிற்று. எரிகிறது, நல்லவேளை.

மத்தியானம் அரைத்த மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இவர் படுக்கப் போகும் முன் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். அப்புறம் மேல் ஷெல்ஃபிலிருந்து ரவை டப்பாவை எடுத்து மேடைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.